திரைக்குப் பின்னால் இழுத்த மூச்சு

கோட்டு போட்டுப் பார்க்க வந்தவர் கண்ணாடி முன் நின்றிருந்தார். தையல் மாஸ்டர் அவர் தோளில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, பட்டன் தைத்துக்கொண்டிருந்த மாஸ்டரின் மனைவிக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார் வந்தவர்.

"ஒண்ணுமில்ல சார், லேசான சளி" என்று மாஸ்டர் முந்திக்கொண்டு, மனைவிக்குக் கண்ணைக் காட்டினார். அவள் எழுந்து, போட்டுப் பார்க்கும் அறையின் திரைக்குப் பின்னால் போய் நீல இன்ஹேலரை இழுத்தாள். இருமல் வெளியே கேட்காமலிருக்க, தைக்கக் கொடுத்திருந்த யாருடைய பேன்டையோ வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மாஸ்டருக்கு அவள் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம் அதைவிட அதிகம். இழுப்புக்காரி தொட்ட துணி என்று யாராவது முகம் சுளித்துவிட்டால்?

மருத்துவர் இரண்டு இன்ஹேலர் எழுதியிருந்தார். இழுப்பு வந்தால் நீலம். தினமும் தவறாமல் இழுக்க இன்னொன்று. அந்த இரண்டாவதைத்தான் மாஸ்டர் நிறுத்தச் சொன்னார். "இழுத்தா ஒரு மாத்தமும் தெரியல. பழக்கமாத்தான் போயிடும்" என்று, மருத்துவப் பட்டம் வாங்கியவர் போலத் தீர்ப்பும் சொல்லிவிட்டார். தையல் விட்டால் கையோடு தைத்துக் கொடுத்துப் பழகியவருக்கு, கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்கிற மருந்து மருந்தாகவே படவில்லை.

அவளும் நிறுத்திவிட்டாள். பலன் மெல்ல வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நீல இன்ஹேலரும் முன்போல் கேட்கவில்லை. ஒரு நாள் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். மாஸ்டர் அலறியடித்துக்கொண்டு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்.

உயிர் பிழைத்தாள். உடம்பு கொஞ்சம் தேறியதும் குழாயில் ஊதச் சொல்லிப் பரிசோதித்தார்கள். முடிவைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் வாடியது.

"மூச்சுக்குழாய்ச் சுவர்ல இணைப்புத் திசு செல்கள்னு இருக்கு. புண்ணான இடத்துல நார் போட்டு சரிபண்றது அதுங்க வேலை. ஆனா உள்ள வீக்கம் தணியவே இல்லன்னா, அதுங்களும் வேலையை நிறுத்தாது. நார் மேல நாரா சேர்ந்து சுவர் தடிச்சுப் போகும், வழி குறுகிடும். நீல மருந்து சுத்தியிருக்கிற தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். வீக்கத்தைத் தணிக்கிறது தினமும் இழுக்குற மருந்து. அதை ஏம்மா நிறுத்துனீங்க?"

"மறந்துட்டேன் டாக்டர்" என்றாள் அவள், புருஷனைப் பார்க்காமலேயே.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. மூச்சு விடவே திண்டாடுகிறவள், இருக்கிற மூச்சைச் செலவழித்து என் மானத்தைக் காப்பாற்றுகிறாளே என்று கூனிக் குறுகிப் போனார்.

"அவ மறக்கல டாக்டர். நான்தான் நிறுத்தச் சொன்னேன். இனிமே இழுத்தா சரியாயிடுமா?"

"இதுக்கு மேல மோசமாகாம பார்த்துக்கலாம். தடிச்சது முழுசா பழையபடி ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் அவர் மன்னிப்புக் கேட்டார். அவள் ஒரு படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "தனியா சொல்லி என்ன பிரயோஜனம்? யாருக்குப் பயந்தீங்களோ, அவங்க முன்னாடி சொல்லுங்க."

மறுநாள் கடையில் சிலர் காத்திருந்தார்கள். மருந்து இழுக்கத் திரைப் பக்கம் போனவளை மாஸ்டர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இங்கயே இழு." பிறகு காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "என் சம்சாரத்துக்கு ஆஸ்துமாங்க. ஒட்டிக்கிற நோய் இல்ல. நான்தான் வெக்கப்பட்டு மறைக்கச் சொன்னேன், மருந்தையும் நிறுத்தச் சொன்னேன். நோய் வந்ததுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. மருந்தை மறைக்க வச்சேனே, அதுக்குத்தான் நான் வெக்கப்படணும்."

யாரும் முகம் சுளிக்கவில்லை. குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "தினமும் இழுத்தா பழக்கமாயிடாதா அக்கா?"

"எங்க வீட்டுக்காரர் மாதிரியே கேக்குறியேம்மா" என்று சிரித்தாள் மாஸ்டரின் மனைவி. "மருந்து பழக்கமாகாது. மூச்சு முட்டுறதுக்குத்தான் நான் பழகிப் போயிருந்தேன்."