காற்றுப் பெட்டி

துளசிங்கத்தின் புது பைபர் படகில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு மூடிய பெட்டிகள் இருந்தன. உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் காற்று. இறாலுக்கு ஐஸ் போட இடம் போதவில்லை என்று முன்பெட்டியைப் போன வாரமே வெட்டித் திறந்தாயிற்று. பின்பெட்டியை ஞாயிற்றுக்கிழமை வெட்டுவதாக ஏற்பாடு. பழவேற்காட்டில் பைபருக்கு ஒட்டுப் போடுகிற அப்துல் ஹை ரம்பத்தோடு லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்திருந்தார்.

அந்தப் படகில் கடலுக்குப் போகிற நாலு பேரில் ஒருவன் குப்பம்மாவின் புருஷன் துளசிங்கம். இன்னொருவன் அவள் தம்பி ரங்கன்.

முன்பெட்டியில் வெட்டியெடுத்த பைபர் மேல்பலகையைக் குப்பம்மா மீன் அறுக்க வைத்துக்கொண்டிருந்தாள். அன்று காலை முழங்கால் தண்ணீரில் நின்று அதைக் கழுவும்போது கை வழுக்கியது. பலகை குத்திட்டு இறங்கிப் போய்விட்டது. காலால் துழாவி எடுத்தாள். எடுத்த பிறகுதான் உறைத்தது. கட்டுமரத்தின் சிறு துண்டு ஒன்று விழுந்தாலும் அலை அதைக் கரையில் கொண்டுவந்து போடும். மரம் கவிழ்ந்தால் நனைந்தபடி மறுபடி ஏறிக்கொள்வார்கள், அவ்வளவுதான். இது ஏன் இறங்குகிறது? வேண்டுமென்றே இன்னொரு தடவை விட்டுப் பார்த்தாள். இறங்கியது.

பலகையோடு அவள் படகடிக்கு வந்தபோது அப்துல் ஹை டீ குடித்துக்கொண்டிருந்தார். பேச்சு, கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே வெடித்துச் சிதறியதாக அந்த வாரம் ரேடியோவில் கேட்ட அமெரிக்க விண்கலத்தைப் பற்றி. இந்தக் கரைக்கு ராக்கெட் புதிதல்ல. ஸ்ரீஹரிகோட்டாவில் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்பார்கள். எல்லாரும் மணலில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

"நம்மளுது வுழுந்தா ஆளு இல்ல. இது ஏழு பேரு, பாய்" என்றான் ரங்கன்.

"தப்பிக்க வழியே வெக்கலியா?" என்று குப்பம்மா கேட்டாள்.

"ரஷ்யாக்காரன் வெச்சிருக்கான்மா. ரெண்டு மூணு வருசம் முன்னாடி அவன் ராக்கெட்டு அடியில தீப்பிடிச்சுது. உச்சியில சின்ன ராக்கெட்டு ஒண்ணு, ஆளு இருக்கற அறைய மட்டும் புடுங்கிக்கினு போய் அந்தாண்ட போட்டுது. ரெண்டு பேரும் பொழைச்சாங்க."

"அமெரிக்காக்காரனுக்கு அது தெரியாதா?"

"தெரியும். இந்த மாதிரி கலத்துலயே மொதல் நாலு தடவை, ஓட்டறவங்க ரெண்டு பேர நாற்காலியோட வெளிய வீசற மாதிரி வெச்சிருந்தான். அப்பறம் ஆளு அதிகமாச்சு. எல்லாருக்கும் வெக்க எடமில்ல, எடை வேற. நல்லாதான் போவுதுன்னு அதையும் எடுத்துட்டான்."

"இருந்தா மட்டும் பொழைச்சிருப்பாங்களா?" என்றான் துளசிங்கம்.

அப்துல் ஹை டம்ளரை மணலில் வைத்தார். "அது சொல்ல முடியாது. அந்த உயரத்துல, அந்த வேகத்துல... பேப்பர்காரனே சந்தேகமாத்தான் எழுதறான்."

"பாத்தியா. இருந்தும் பிரயோஜனமில்ல. நீ ரம்பத்த எடு பாய்."

குப்பம்மா பலகையைத் தூக்கி எதிரிலிருந்த தண்ணீரில் போட்டாள். நாலு பேரும் அது இறங்குவதைப் பார்த்தார்கள்.

"இது நம்ம படகோட துண்டுய்யா."

"துண்டு வேற, படகு வேறம்மே" என்றான் துளசிங்கம்.

"தண்ணி ரொம்பற வரைக்கும் வேற" என்றார் அப்துல் ஹை. "ரொம்பிட்டா ரெண்டும் ஒண்ணுதான். அந்தக் காத்துதான் தாங்கணும்."

துளசிங்கம் அவரையே பார்த்தான். "அப்ப போன வாரம் வெட்டச் சொல்லோ ஏன் வாயத் தொறக்கல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். கடல்லயே கெடக்கறவனுக்கு நான் இன்னா சொல்றதுன்னு..."

"கட்டுமரத்துல பொறந்தவன் பாய் நானு. மூழ்கும்னு யாரு கண்டா?"

ரங்கன் தண்ணீரில் இறங்கிப் பலகையை எடுத்து வந்தான்.

"பின்பெட்டி ஒண்ணு போதாதா?" என்று துளசிங்கம் குரலைத் தணித்துக் கேட்டான்.

"தண்ணி ரொம்பினா படகு மூக்கு அடியில போய்டும். நாலு பேரு எதப் புடிப்பீங்க? ரெண்டும் இருந்தா படகு மிதக்கும். அதுவும் படகைத்தான் காப்பாத்தும். ஆளு அதுகூட இருக்கணும். சுத்திலும் ஒரு கயிறு கட்டிக்க, கைக்கு ஆவும். அதுக்கு மேல நான் வாக்கு குடுக்க முடியாது."

துளசிங்கம் பலகையை வாங்கி முன்பெட்டியின் வாய்மேல் வைத்துப் பார்த்தான். வெட்டின அளவுக்குச் சரியாக உட்கார்ந்தது.

"ஒட்டினா எத்தினி நாள் காயணும்?"

"ரெண்டு நாளு."

"இறால் ஓடற ரெண்டு நாளு" என்றான் துளசிங்கம். ஆனால் ரம்பத்தை எடுத்து அப்துல் ஹையின் பையில் போட்டதும் அவன்தான்.

முன்பெட்டியில் ஒட்டின பலகை காய்ந்து, மூன்றாம் நாள் விடிகாலையில் படகைத் தள்ளினார்கள். ஐஸ் கூடை துளசிங்கத்தின் இரண்டு காலுக்கும் நடுவில் இருந்தது.

"கால நீட்ட எடமில்ல. திரும்பி வரச்சொல்லோ வெறச்சுப் போயிருக்கும் பாரு."

"வெறச்ச காலோட வா, வெந்நி வெச்சு ஊத்தறேன்" என்றாள் குப்பம்மா.

அவள் இடுப்பளவு தண்ணீர்வரை கூடவே போனாள். முன்பெட்டியை ஒரு தட்டுத் தட்டினாள். விளிம்பைச் சுற்றிக் கட்டிய கயிற்றை இழுத்துப் பார்த்தாள்.

"கெட்டியாத்தான் கீது, வுடுக்கா" என்றான் ரங்கன்.

விட்டாள்.