நீலத்துக்கு நீலம்

நீல முயல் என்று அதற்குப் பெயர். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது சாம்பல்தான். ஜெர்மனியின் ஹெர்னே நகர முயல் வளர்ப்போர் சங்கத்தில் இதை வாய்விட்டுச் சொன்ன யாரையும் இரண்டாவது கூட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை.

ட்ராம் ஓட்டும் ரோஸ்விதா வாயே திறந்ததில்லை. அவள் கவலை வேறு. ஒவ்வொரு இலையுதிர் காலக் கண்காட்சியிலும் நடுவர் அவளுடைய முயலின் ரோமத்தை ஊதிப் பார்ப்பார். தோல்வரைக்கும் நீலம் இறங்கியிருக்க வேண்டிய இடத்தில், நூறு தடவை அலசிய காலுறையின் நிறம் இருக்கும். நடுவர் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த கூண்டுக்குப் போய்விடுவார். ஒரே ஒரு முறை அவர் தன் கூண்டருகே கொஞ்சம் நின்றுவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

"நீலத்துக்கு நீலம்தான் சேர்க்கணும். கறுப்பு பக்கத்துலயே வரக்கூடாது," என்பார் சங்கத் தலைவர் ஓட்மார். மூன்று வருடமாக அவளும் அப்படியே சேர்த்தாள். ரோமம் வருடா வருடம் வெளுத்தது. நம்பிக்கை மட்டும் வெளுக்கவில்லை. இந்த வசந்தத்துக்குத் தலைவரின் சொந்த நீல முயல் அட்மிரலையே மாப்பிள்ளையாகக் கேட்டாள். சம்மதம் வாங்குவதற்குள் ஒரு குளிர்காலம் முழுக்க கேக் சுட வேண்டியிருந்தது.

வழக்கப்படி, தன் பெண் முயல் வாண்டாவைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை கூண்டுக்குப் போனாள். அட்மிரல் வாண்டாவை ஒருமுறை முகர்ந்தது. பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை மென்றது.

"ஆச்சு, கூட்டிட்டுப் போங்க," என்றார் ஓட்மார்.

"எப்போ ஆச்சு?"

"நீங்க கண்ண சிமிட்டினீங்கல்ல, அப்போ."

"தலைவரே, நான் ட்ராம் ஓட்டுறவ. கண்ண சிமிட்ட மாட்டேன்."

ஆனால் தலைவரிடம் அதற்கு மேல் எப்படி வாதாடுவது? அன்று மதியம் தன் தோட்டத்தில் வாண்டாவைப் புல்லில் விட்டுவிட்டு, சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தாள். எழுந்து பார்த்தால் வேலிக்கடியில் புதுசாக ஒரு பொந்து. அந்தப் பக்கம் சொப்சாக்கின் தோட்டம். யாரும் சத்தம் போடக் கூடாத மதிய ஓய்வு நேரத்தில் புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டுகிற மனிதர். அதில் வந்த சண்டையில் இரண்டு கோடையாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் வளர்க்கும் ஒரே முயல் ப்ரிகெட், பேருக்கேற்ற கரிக்கட்டி. 'முயலுக்குக்கூட மரியாதை சொல்லித் தரல,' என்று முணுமுணுத்துக்கொண்டே செங்கல்லால் பொந்தை அடைத்தாள்.

குட்டிகள் ஆறு. வாரங்கள் போய், காதில் பதிவு எண்ணைப் பச்சை குத்த ஓட்மார் வந்தார். தகப்பன் பெயரைப் பதிவதும் அவர் வேலைதான். ஒரு குட்டியைத் தூக்கி ரோமத்தை ஊதினார். அப்படியே நின்றார். மறுபடி ஊதினார். அடிவரைக்கும் நீலம், மழைக்கு முந்தைய வானம் மாதிரி.

"பாத்தீங்களா? அட்மிரல் ரத்தம்! நான் என்ன சொன்னேன், நீலத்துக்கு நீலம்!"

இப்படி நான்கு. அடுத்து பெட்டியின் மூலையிலிருந்து ரோஸ்விதா இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். இரண்டும் நல்ல கறுப்பு.

ஓட்மார் ஊதவில்லை. நீலமும் நீலமும் சேர்ந்தால் கறுப்பு பிறக்காது. சங்கத்தில் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். அதைச் சொல்லித் தருபவரே அவர்தான்.

"இந்த ரெண்டையும் நான் பாக்கல. நாலு போதும், இந்த வருஷம் கோப்பை உங்களுக்குத்தான். தகப்பன் அட்மிரல்னு போட்டுடறேன்," என்றார் மெதுவாக.

ரோஸ்விதா நேர்மையைப் பற்றி யோசித்ததாகச் சொல்ல முடியாது. அடுத்த வருடத்தைப் பற்றி யோசித்தாள். கோப்பையை வாங்கிக்கொண்டு மறுபடி அட்மிரலிடம் போனால், அது மறுபடி கீரைதான் மெல்லும். இந்த நிறம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அந்தக் கரிக்கட்டி உள்ளுக்குள் நீலத்தை ஒளித்து வைத்திருக்கிறது. இல்லாவிட்டால் ஆறும் கறுப்பாக அல்லவா பிறந்திருக்கும்!

"ப்ரிகெட்னு போடுங்க," என்றாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடுமே!"

"முக்கியமா ஒருத்தருக்குத் தெரியணும்."

மறுநாள் மதிய ஓய்வு நேரம். சொப்சாக் வழக்கம்போல் புல் வெட்டிக்கொண்டிருந்தார். வேலிக்கு மேல் ஒரு தட்டு பிளம் கேக் எழும்பியது, அதற்குப் பின்னால் ரோஸ்விதாவின் முகம். அவர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"புகாரா?"

"உங்க பையன் எங்க பொண்ண..." என்று ஆரம்பித்தவள், கறுப்புக் குட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"என் பையன் அப்படிப்பட்டவன் இல்ல," என்றார் சொப்சாக். குட்டியைப் பார்த்தார். அதே அகன்ற மூக்கு, அதே ஒன்றும் அறியாத முகம். "சரி, அப்படிப்பட்டவன்தான்."

"தலைவர் மாப்பிள்ளைய விட உங்காளு எவ்வளவோ தேவலாம்."

சொப்சாக்குக்கு இரண்டு கோடையாக யாரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. வேலியைச் சுற்றி வந்து உட்கார்ந்தார். கேக் தீர்வதற்குள் அடுத்த வசந்தத்துக்கு ப்ரிகெட்டும் வாண்டாவும் என்று முடிவாயிற்று. ஒரு கறுப்புக் குட்டி அவர் பங்கு.

கண்காட்சியில் நடுவர் ஊதினார், நின்றார், இன்னொரு தடவை ஊதினார். இரண்டாம் பரிசுதான், ஆனால் நெடுநேரம் நின்றார். கூண்டு அட்டையில் தகப்பன் பெயரைப் பார்த்துக் கேட்ட நான்கு பேரிடம், நீலத்துக்குக் கறுப்பைச் சேர்க்கலாமென்று தான் எப்போதோ சொன்னதாக ஓட்மார் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம், ஓய்வு நேரத்தில், வேலிக்கு அந்தப் பக்கம் இயந்திரம் உறுமத் தொடங்கியது. ரோஸ்விதா சாய்வு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். சம்பந்தி வீட்டைப் பற்றி யாரிடம் போய்ப் புகார் சொல்வது? காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, மறுபடி சாய்ந்துகொண்டாள்.