சுருக்கர் அனுப்பிய லிங்குகள்

அலுவலகத்தில் அவருக்குச் சுருக்கர் என்றுதான் பெயர். முழ நீளத்துக்கு ஓடும் இணைய முகவரிகளை ஆறே எழுத்தாகச் சுருக்கித் தரும் சர்வரை வெளியாள் கையில் விடாமல், ஸ்டோர் ரூமில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பிள்ளை போலப் பார்த்துக்கொண்டார். எந்த லிங்கை எத்தனை பேர் திறந்தார்கள் என்றும் அது எண்ணிக் காட்டும்.

பெற்ற பிள்ளையோடு பேச்சு நின்று மூன்று வருஷம். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்ளப் போவதாக மகள் சொன்ன அன்று, "இனி இந்த வாசலை மிதிக்காதே" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் தொலைத்தார். ரோஷத்தில் அப்பாவையே உரித்து வைத்தவள், போய்விட்டாள். மன்னிப்புக் கேட்க மனுஷருக்கு வாய் வரவில்லை. லிங்க் அனுப்பினார். மறைந்துபோன அவளுடைய அம்மாவின் பழைய படங்கள், பூனை குட்டி போட்ட வீடியோ, முதுகுவலிக்கு ஒரு கட்டுரை. பதில் ஒரு வார்த்தை வராது. ஆனால் அனுப்பிய கையோடு சர்வரைப் பார்த்தால் அந்த லிங்குக்கு எதிரே 1 என்று விழுந்திருக்கும். போனைக் கையிலேயே வைத்திருக்கிறாள் போல என்று நினைத்துக்கொள்வார். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்த மாதம் வரை ஓட்டிவிடுவார்.

போன திங்கட்கிழமை விளம்பரப் பிரிவுப் பெண் வந்து நின்றாள்.

"சார், முந்நூறு பேருக்குத் தனித்தனி லிங்க் அனுப்பினேன். முந்நூறும் திறந்ததா காட்டுது. கூட்டத்துக்கு வந்தது நாலு பேர்."

"அது மனுஷங்க இல்லம்மா. லிங்கை ஒட்டினதும் கீழ சின்னதா ஒரு படம் வருதில்ல? அதுக்காக அனுப்பறவங்க போனே ஒரு தடவை போய்த் திறந்து பாக்கும். அதையும் சேத்து எண்ணிடுது. இரு, கழிச்சுடலாம்."

ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்கிறவருக்குத் தன் விஷயம் அப்போதும் உறைக்கவில்லை. போன் திறந்ததைக் கழிக்கும் வசதியைப் போட்டுவிட்டுப் பட்டியலைத் திறந்தார். அவளுடைய முந்நூறில் பதினொன்று தேறியது. கீழே அவர் மகளுக்கு அனுப்பிய நாற்பத்தொரு லிங்குகளும் 0, 0, 0 என்று வரிசையாக நின்றன.

இத்தனை நாளும் திறந்து பார்த்தது அவருடைய போன்தான். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகையை அடக்க முடியவில்லை.

விளம்பரப் பிரிவுப் பெண் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த நாப்பத்தொண்ணு யாருது சார்? ஒருத்தர்கூடத் தொடலையே. யாரும் திறக்காததை அழிச்சிடணும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க. அழிச்சிடட்டுமா?"

"வேண்டாம்."

"சும்மா இடத்தை அடைச்சிட்டு இருக்கே சார்."

"என் பொண்ணுக்கு அனுப்பினதும்மா." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "என்னைக்காவது ஒரு நாள் அவ திறந்து பாத்தா, அப்படி ஒரு பக்கமே இல்லைன்னு வந்துடக் கூடாது."