முன்னங்கைக் கீறல்

நாலாவது நாளும் வரவு இடாப்பில் றஸாக் காக்காவின் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு போட்டேன். காய்ச்சலாம். எங்கள் கல்முனை நெல் ஆலையில் மூடை தூக்குகிறவர் அவர், நாட்கூலி. வரவு எழுதுகிற நான் மாதச் சம்பளக்காரன். எனக்கு மேல் சூடென்றால் மெடிக்கல் துண்டு கொடுத்துவிட்டுச் சம்பளத்தோடு படுக்கலாம். அவருக்கு லீவுமில்லை, சம்பளமுமில்லை; காய்ச்சல் பொய்யென்று தெரிந்தால் பெயரையே வெட்டிவிடுவார்கள். ஆனாலும் ஓவர்டைம் தாராளமாகக் கிடைக்கிற அறுவடைக் காலத்தில் ஒரு மனிதன் படுப்பானா? எண்பத்திரண்டாம் ஆண்டில் கதிர் வெட்டுகிற கூலி அதைவிடக் கூட; அங்கேதான் போயிருப்பார். யாரை ஏய்க்கப் பார்க்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

முகாமையாளர் கோணாமலை கண்ணாடியைக் கழற்றினார்.

"போய்ப் பாத்திட்டு வாங்க ஜவுபர். பொய்யெண்டா இண்டைக்கே பேர வெட்டுவம்."

எதைப் பார்ப்பதென்று எனக்குத் தெரியும். கதிர் வெட்டியவன் எதை மறைத்தாலும் முன்னங்கையை மறைக்க முடியாது. நெல் தாள் கோடு கோடாகக் கீறியிருக்கும். ஒரு கிழமைக்கு எரியும்.

வீட்டில் காக்கா கழுத்துவரை போர்த்திக்கொண்டு பாயில் கிடந்தார். கையை மறைக்கிறார் என்று நினைக்க அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

"கையக் காட்டுங்க காக்கா."

என்னையே பார்த்தவர், மெல்ல இரண்டு கைகளையும் வெளியே நீட்டினார். ஒரு கீறல் இல்லை. தொட்டேன், கொதித்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவர் மனைவி கமீலா தேத்தண்ணி நீட்டினார். அந்தக் கைகளில்தான் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சிவந்த கீறல்கள். மூலையில் ஒரு ஓலைக் கடகம் நிறையக் கதிர் இருந்தது.

"சொறிக்கல்முனைப் பக்கம் வெட்டின வயல்ல சிந்தின கதிர் பொறுக்கினன் தம்பி. இவர் படுத்தா உலையில போட ஒண்டுமில்ல. நீங்க படுத்தாலும் சம்பளம் வருமாம், மெய்யா?"

குத்திக் கேட்டாரா, சும்மா கேட்டாரா? இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். "ஓம்" என்றேன். தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பினேன்.

ஆலைக்குத் திரும்பியதும், "மெய்யான காய்ச்சல்தான் சேர்," என்றேன்.

"எப்பிடித் தெரியும்?"

"கையப் பாத்தன். வெட்டின கீறல் இல்ல."

கோணாமலை பேனையை மூடி வைத்தார்.

"வெட்டினா கையில கீறுமெண்டு எனக்கே தெரியாது. உங்களுக்கு ஆர் சொன்னது?"

போன போகத்து அறுவடையில் எனக்கும் ஐந்து நாள் காய்ச்சல். மெடிக்கல் துண்டு கொடுத்திருந்தேன். திரும்பி வந்த கிழமை முழுக்க, அந்த வெயிலில், முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன்.

அன்றைக்கு நான் அரைக்கைச் சட்டையில் நின்றேன். கைகளில் இப்போது ஒன்றுமில்லை. இருந்தும் இரண்டையும் வரவு இடாப்புக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.