இறக்கிய வண்டி

பெட்ரோல் விலை ஏறி, வில்லியனூர் டாக்சி ஸ்டாண்டில் வண்டிகள் பாதி நாள் சும்மா நின்ற எழுபத்து நான்காம் வருஷம் அது. அந்த வரிசையில் தனிஸ்லாஸின் கறுப்பு அம்பாசடர் மட்டும் மற்ற வண்டிகளைவிட நாலு விரல் தாழ்ந்து, தரையோடு படிந்தாற்போல நின்றது.

"வேணும்னுதான் எறக்கினேன்," என்றான் தனிஸ்லாஸ், கேட்டவர்களிடமெல்லாம். "வண்டி ஒசந்து நின்னா அடியில காத்து பூந்து தடுக்குது. எறக்கிட்டா தரையோட வழுக்கினு போவும். லிட்டருக்கு ஒண்ணரை கிலோமீட்டர் கூட வருது."

மற்ற டிரைவர்கள் குனிந்து பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார்கள். அமிர்தசாமி மட்டும் எழுந்து போய்த் தன் வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

அமிர்தசாமியும் தனிஸ்லாஸும் சகலைகள். அக்காள் மதலேனாளைக் கட்டியவன் அமிர்தசாமி; தங்கை ஆரோக்கிய செல்வியைக் கட்டியவன் தனிஸ்லாஸ். அமிர்தசாமி எட்டு வருஷமாக அந்த ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறான். தனிஸ்லாஸ் வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் கல்யாண வீட்டுக்காரர்கள் வந்தால் இப்போது முதலில் தனிஸ்லாஸின் வண்டியைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். தாழ்ந்து நிற்பது வெளிநாட்டு வண்டி மாதிரி இருக்கிறதாம்.

ராத்திரிச் சோற்றைப் போட்டுக்கொண்டே மதலேனாள் சொன்னாள்: "செல்வி வந்திருந்தா. அவ வூட்டுக்காரரு வண்டி இப்பல்லாம் பெட்ரோலே குடிக்கறதில்லையாம். நீங்களும் இன்னான்னு கேட்டுப் பாக்கலாம் இல்ல?"

"அவன்கிட்ட நான் இன்னாடி கேக்கறது?" என்று அமிர்தசாமி பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான்.

அவன் அதை நம்பவில்லை. நம்பாமல் இருக்கத்தான் ரொம்பவும் பாடுபட்டான். ஆனால் செப்டம்பரில் மாதா கோயில் தெருக்காரர்கள் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு இரண்டு பேர் வண்டியையும் சேர்த்து அமர்த்தினார்கள். காலையில் ஒரே பெட்ரோல் பங்கில் இரண்டு டேங்கையும் வழிய நிரப்பினார்கள். அமிர்தசாமி தன் வழக்கப்படி மிதித்து ஓட்டினான். மேலே கேரியரில் மூட்டைகளும் பாத்திரங்களும். சீர்காழிக்குப் போய் டீ குடித்து, காலாற நடந்து, இன்னொரு டீயும் குடித்த பிறகுதான் தனிஸ்லாஸ் வந்து சேர்ந்தான். திரும்பி வந்து அதே பங்கில் மறுபடி நிரப்பியபோது அமிர்தசாமி இறங்கிப் போய், தனிஸ்லாஸின் வண்டிக்கு ஊற்றும் பம்ப்பின் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வண்டியைவிடத் தன் வண்டி ஐந்து லிட்டர் அதிகம் குடித்திருந்தது.

மறுநாள் காலை மெக்கானிக் கண்ணையன் ஷெட்டைத் திறக்கும்போதே அமிர்தசாமி வாசலில் நின்றான்.

"பின்னாடி ரெண்டு பக்கமும் வண்டியத் தாங்கற கமான் பட்டையில ரெண்டு ரெண்டு எடுத்துடு. முன்னாடியும் எறக்கு. தனிஸ்லாஸ் வண்டிய வுட ஒரு விரலாவது தாழ்ந்து நிக்கணும்."

கண்ணையன் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "இன்னாத்துக்குபா?"

"பெட்ரோல் மிச்சமாவும்."

"வண்டி எறங்கும். பெட்ரோல் எறங்குமான்னு எனக்குத் தெரியாது. ரேஸ்ல பறந்து போறவனுக்குக் காத்துக் கணக்கு சரி. பாகூர் ரோட்டுல மாட்டு வண்டி பின்னாடி ஆரன் அடிச்சினு போற உனுக்கு இன்னா காத்து?"

"அப்ப அவனுக்கு மட்டும் எப்படி வருது?"

"அவன் என்கிட்ட அந்த வேலையச் செய்யலபா. எங்க செஞ்சான்னும் தெரியாது."

தனிஸ்லாஸ் எங்கோ ரகசியமாகச் செய்துகொண்டிருக்கிறான் என்ற நினைப்பு அமிர்தசாமியை இன்னும் எரித்தது. "நான் சொல்றதச் செய்," என்றான்.

வண்டி தாழ்ந்து நின்றது. பத்து நாள் அமிர்தசாமி ஒவ்வொரு சவாரியையும் அளந்து பார்த்தான். லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்தான், முன்னே வந்த அதே ஒன்பது. ஆள் நிறைந்தால் டயர் மட்கார்டில் உரசிக் கருகும் வாசனை வேறு. பதினோராவது நாள் ஸ்டாண்டில் தனிஸ்லாஸே கேட்டான்:

"இன்னா சகல, நீங்களும் எறக்கிட்டீங்க போல. கூட வருதா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "மூணு கிலோமீட்டர் கூட வருது," என்றான் அமிர்தசாமி.

தனிஸ்லாஸின் முகம் ஒரு கணம் சுருங்கியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அமிர்தசாமிக்கு அன்று சோறு ருசித்தது.

அந்த வாரமே அந்தோணிசாமி வந்தார். அவர் மகள் ஜெயசீலிக்குக் கல்யாணம். மாதா கோயிலில் தாலி மந்திரிப்பு முடிந்ததும் பொண்ணு மாப்பிள்ளையைப் பாகூருக்குக் கூட்டிப் போக வேண்டும். அவர் தனிஸ்லாஸின் வண்டிப் பக்கம் நடந்தபோது அமிர்தசாமி குறுக்கே வந்து நின்றான். "அவன் வண்டியவுட என்னுது தாழ்வு. பாருங்க, எது அழகுன்னு." பொண்ணு மாப்பிள்ளைக்கு அமிர்தசாமியின் வண்டி, உறவுக்காரர்களுக்குத் தனிஸ்லாஸின் வண்டி என்று முடிவாயிற்று.

கல்யாணத்தன்று முன் சீட்டில் அந்தோணிசாமியும் அவர் தம்பியும், பின்னால் பொண்ணு, மாப்பிள்ளை, தோழிப் பெண், டிக்கியில் சீர் பெட்டி. வண்டி கிளம்பும்போதே பின்பக்கம் அமுங்கியது. அமிர்தசாமி கண்ணாடியில் பார்த்தான். தனிஸ்லாஸின் வண்டி பின்னால் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. வண்டி அமுங்கியிருப்பது அவன் கண்ணில் படாமல் போய்விட வேண்டும் என்று மிதித்தான். கரிக்கலாம்பாக்கம் தாண்டி, மழையில் அரித்த ரோட்டில் ஒரு பள்ளம். அதில் வண்டி இறங்கி எழுவதற்குள், கருங்கல் ஒன்று அடியில் இடித்தது. இஞ்சின் வரைக்கும் அந்த இடி ஏறியது.

ஆயில் சேம்பர் பிளந்துவிட்டது. இறங்கிப் பார்த்தபோது கறுப்பு எண்ணெய் ரோட்டில் குட்டையாகத் தேங்கியிருந்தது. ஜெயசீலி வெள்ளைப் பட்டுப்புடவையின் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முக்காட்டோடு வெயிலில் நின்றாள். வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தோணிசாமி தன் துண்டை விரித்து மகளுக்கு மேலே வெயில் படாமல் பிடித்தார். அவர் திட்டியிருந்தால் அமிர்தசாமிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கால் மணி கழித்துத் தனிஸ்லாஸ் வந்தான். யாரும் சொல்லாமலே தன் வண்டியிலிருந்த உறவுக்காரர்களை இறக்கி, பொண்ணு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனான். திரும்பி வந்து உறவுக்காரர்களைக் கொண்டுபோய் விட்டான். மூன்றாவது தடவை வந்தபோது கையில் தாம்புக்கயிறு இருந்தது.

"வாங்க சகல, கட்டி இழுத்துனு போயிடலாம்."

கயிற்றைத் தனிஸ்லாஸ் வண்டியின் பின் பம்பருக்கு அடியில் கட்டுவதற்காக அமிர்தசாமி மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். வலது பக்கக் கமானில் இரண்டு பட்டைகள் நடுவில் முறிந்து கிடந்தன. கம்பியைச் சுற்றிச் சுற்றி முறுக்கி இழுத்துக் கட்டியிருந்தது. துருப்பிடித்த பழைய கட்டு. இடது பக்கம் இரண்டு பட்டைகளே இல்லை.

வெளியே வந்து மண்ணைத் தட்டாமலே கேட்டான். "இன்னாடா இது?"

தனிஸ்லாஸ் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான். "அது ஒடஞ்சி வருஷம் ஆவப்போவுது சகல. புதுசு போட வழியில்ல. ஒரு பக்கம் சாஞ்சி நின்னா எவன் ஏறுவான்? அதான் இந்தப் பக்கமும் ரெண்டு பட்டைய நானே கழட்டிட்டேன். கேட்டவனுக்கு எதையாவது சொல்லணுமே. காத்து கீத்துன்னு சொல்லி வச்சேன்."

"அப்ப பெட்ரோல்?"

"ஒடஞ்ச பட்டையோட எப்படி ஓட்டறது? நாப்பதுக்கு மேல போனா பயம். பள்ளத்தப் பாத்தா தூரத்துலயே கால எடுத்துடுவேன். பாரம் ஆவாதுன்னு கேரியரையும் கழட்டிட்டேன். மெதுவா போறதுல கொஞ்சம் மிச்சமாவுது, அவ்ளோதான். ஆனா உங்களுக்கு மூணு வருதுன்னு சொன்னீங்க பாருங்க, அன்னிக்கு எனக்கு வயிறு எரிஞ்சிது. சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேன், அது உங்களுக்கு நெசமாயிட்டுதேன்னு."

அமிர்தசாமி கயிற்றைக் கட்டி முடித்தான். போய்த் தன் வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தான். வில்லியனூர் வரைக்கும் முன்னால் போகும் வண்டியையே பார்த்துக்கொண்டு வந்தான். தன்னைப் பார்த்தும் ஒருத்தன் வயிறு எரிந்திருக்கிறான் என்பது அவனுக்கு இனிப்பாக இருந்தது. அந்த இனிப்பு அவனுக்கே வெட்கமாகவும் இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கண்ணையன் ஷெட்டில் இரண்டு வண்டிகளும் நின்றன. ஆரோக்கிய செல்வியின் வளையலை அடகு வைத்துத் தனிஸ்லாஸ் புதுக் கமான் வாங்கி வந்திருந்தான்.

"ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பட்டைய எடுத்துட்டு மாட்டு கண்ணையா," என்றான். "முன்னாடியும் எறக்கிடு. சகல வண்டிக்கு எப்படிச் செஞ்சியோ அப்படியே. அவருக்கு மூணு வருது."

கண்ணையன் அமிர்தசாமியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்பேனரைத் தேடுகிறவன் போலத் திரும்பிக்கொண்டான்.

பேசாமல் இருந்தால் போதும். அடுத்த மழையில் தனிஸ்லாஸின் வண்டியும் ஏதாவது ஒரு கல்லில் உட்காரும். அமிர்தசாமி எழுந்து எதிர் டீக்கடைக்குப் போனான். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். ஷெட்டுக்குள் ஜாக்கி ஏறும் சத்தம் கேட்டது. டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"எடுக்காத கண்ணையா. முழுசா மாட்டு," என்றான். பிறகு தனிஸ்லாஸ் பக்கம் பார்க்காமலே, "எனக்கு மூணு வரல. அரையும் வரல. முன்ன வந்த ஒம்பதுதான்."

தனிஸ்லாஸ் அவன் முன்னால் வந்து நின்றான். "அப்ப ஏன் சொன்னீங்க?"

"நீ சொன்னே, அதான் சொன்னேன்."

தனிஸ்லாஸ் சிரிக்கவில்லை. "ஒரு மாசமா செல்விகிட்ட எரிஞ்சி எரிஞ்சி வுழுந்தேன் சகல," என்று மட்டும் சொன்னான். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கண்ணையனோடு வண்டிக்கு அடியில் படுத்தான். "அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனர எடுங்க," என்று உள்ளேயிருந்து கையை நீட்டினான். அமிர்தசாமி தேடி எடுத்துக் கொடுத்தான்.