மேட்டு லயத்துச் சாவுத் தப்பு

மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே, மலைநீர் வந்து விழும் பீலியில் நீர் நின்றுபோயிற்று. அந்த மார்கழியில் தோட்டத்து மக்கள் கண்ட முதல் அடையாளம் அதுதான். ஆயினும் அதை அடையாளம் என்று ஏற்றவர் ஒருவரே. அவர் தோட்டத்து மருந்தகத்தை நடத்திவந்த ஹாஷிம்.

இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்கு மேலே இருந்த அத்தேயிலைத் தோட்டத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஆண்டு 1972. அங்குள்ள பள்ளிக்கூடத்தில் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற பின்னும், போக வேறிடம் இல்லாமையால் பள்ளிக்கு அடுத்த அறையிலேயே தங்கியிருந்தேன். ஹாஷிம் பதுளைக் கடைவீதியில் புடைவைக் கடை வைத்திருந்தவரின் மகன், இளைஞர், நிறையப் படித்தவர். மாலைகளில் என் அறைக்கு வருவார். மனிதன் குரங்கினத்தின் வழிவந்தவன் என்று தொடங்கி, இரக்கம், நாணம், மனச்சான்று யாவும் அதே வழியில் வந்தவை என்று முடிப்பார். முதற்பகுதியை நான் மறுக்கவில்லை. நம் எலும்புகளைப் பற்றிய வழக்கை எலும்புகளே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். இரண்டாம் பகுதிதான் எனக்குச் சினமூட்டியது.

“நான் ஆண்டவன் இல்லண்டு செல்லல்ல, மாஸ்டர். அவன் செஞ்ச வழி இதுண்டு செல்றேன். ஒருத்தருக்கொருத்தர் உதவுன கூட்டம் பொழச்சிச்சி. உதவாத கூட்டம் அழிஞ்சிச்சி. மிச்சம் வந்த புள்ளைகள்தான் நாங்க. அதத்தான் நீங்க அறம், அறம்ண்டு கரும்பலகையில எழுதினீங்க.”

“அடுத்தவனுக்காகச் செத்துப்போனவன் எந்தப் பிள்ளைய மிச்சம் வச்சான்? அவன் குணம் யார் வழியா வந்துச்சி?”

“அவன்ட தம்பி வழியா. தம்பி பொழச்சா அண்ணன்ட ரத்தமும் பொழச்ச மாதிரிதானே.”

“தம்பியும் இல்ல, சொந்தமும் இல்ல, எதிரின்னா?”

ஹாஷிம் சிரித்தார். “எதிரிக்காகச் செத்தவர ஒருத்தரக் காட்டுங்க மாஸ்டர். எங்க உம்மாட கையால இனிப்பா வட்டிலப்பம் செஞ்சி, நானே சுமந்துக்கிட்டு வாறன்.”

தம் கொள்கைக்கு அவர் காட்டிய சான்று, மேட்டு லயம் எனப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் வாழ்ந்த சின்னராசா. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த வேலைநிறுத்தத்தில், லயமே மலைக்குப் போகாமல் நின்றபோது, சின்னராசா மட்டும் தோட்ட மேலாளரான துரையின் பங்களாவுக்குப் பின்வழியாகப் போய், முன்னின்று நடத்தியவர்களின் பெயர்களைச் சொல்லிவிட்டான். தப்பு என்னும் பறையை அடிக்கும் ரெங்கசாமியின் ஒரே மகனுக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்து வேலையிலிருந்து நீக்கினார்கள். வேறெந்தத் தோட்டமும் ஏற்காமையால், அவன் மனைவி மக்களோடு இந்தியாவுக்குக் கப்பலேறினான். போனவனிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. மனைவியை முன்னரே இழந்திருந்த ரெங்கசாமி தனியரானார்.

அதன்பின் லயத்தார் கூடிச் சின்னராசாவின் வீட்டைத் தள்ளிவைத்தார்கள். அவன் வீட்டுச் சாவுக்கு எவரும் போகக்கூடாது. எவர் வீட்டுச் சாவுக்கும் அவன் வரக்கூடாது. சாவுத் தப்புக் கேட்டால் மற்றவர் எல்லாரும் கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அவன் வீட்டார் மட்டும் கதவை அடைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் மறுத்தாலும் தாங்கிக்கொள்வார்கள். சாவுக்கு வராதே என்பதைத் தோட்டத்தில் எவரும் தாங்கமாட்டார்கள். சின்னராசாவின் மனைவி இராக்கம்மா, பக்கத்து லயத்தில் தன் தாய் இறந்தபோதுகூடக் கதவுக்குப் பின்னால் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள்.

“கொரங்குக் கூட்டத்துலயும் இதுதான் நடக்கும்” என்றார் ஹாஷிம்.

இனி, பீலிக்கு வருவோம்.

மேட்டு லயத்துக்கு மேலே தேயிலை மலையின் குறுக்கே நிலம் வாய் திறந்திருந்தது. காலையில் விரல் நுழைந்த இடத்தில் நண்பகலில் கால் நுழைந்தது. பீலிக்கு வர வேண்டிய நீரெல்லாம் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துரை நுவரெலியாவுக்குப் போயிருந்தார். ஹாஷிம் என்னையும் அழைத்துக்கொண்டு வீடு வீடாக, காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினார்.

“மலை எறங்கப்போகுது. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்க. இப்பவே போங்க!”

பெரிய கங்காணி வாசலில் நின்று வெற்றிலையை மென்றார். “போன வருசமும் இதத்தாங்க சொன்னாங்க. தேயில ஸ்டோருல போய் ஒண்டிக்கிட்டோம். மலை எறங்கல. திரும்பி வந்து பாத்தா, கோழியும் செம்புச் சட்டியுந்தான் எறங்கிப் போயிருந்திச்சி.”

லயமே சிரித்தது.

“சிரிக்காதீங்க! நாயெல்லாம் எங்க? காலையில இருந்து ஒரு நாயக் கண்டீங்களா?”

எல்லாரும் சுற்றிலும் பார்த்தனர். உண்மையிலேயே ஒரு நாயும் இல்லை. பிறகு கருப்பம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண் இடுப்பில் கையை ஊன்றினாள்.

“நாய்க்குச் சட்டி பானை இல்லீங்க, டொக்டரையா. அது போவும்.”

மீண்டும் சிரிப்பு. ஹாஷிமின் முகம் வெளுத்துவிட்டது. உயிரச்சம் எல்லா விலங்கையும் அசைக்கும் என்று அவர் நம்பியிருந்தார். அங்கோ, நாய்களை அசைத்த அச்சம் மனிதரை அசைக்கவில்லை. மேலே எங்கோ, மண்ணுக்கடியில், பெரிய கல்லொன்று புரண்டு படுப்பதுபோல் ஓர் ஒலி எழுந்து அடங்கிற்று.

நாங்கள் பள்ளிக்குத் திரும்பியபோது என் அடுப்பின் முன்னே ரெங்கசாமி குந்தியிருந்தார். ஈரத்தில் தொய்ந்த தப்பின் தோலைத் தீயில் காட்டிக் காட்டி விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு செத்தது, ரெங்கசாமி?”

“இன்னும் யாரும் சாகலீங்க, மாஸ்டர்.”

“பின்னே எதுக்கு?”

“டொக்டரையா சொன்னா வரமாட்டாங்க. நீங்க சொன்னாலும் வரமாட்டாங்க. சாவுன்னா வருவாங்க.” அவர் தப்பைக் காதருகே வைத்து மறுபடியும் தட்டினார். “ஆளு சாகாம சாவுத் தப்பு அடிக்கக்கூடாதுன்னு எங்கப்பா சொல்லுவாரு. அடிச்சா, அது ஒரு ஆள வாங்காமப் போவாதாம்.”

“அதெல்லாம் வீண் பேச்சு” என்றார் ஹாஷிம்.

“வீண் பேச்சா இருந்தா நல்லதுங்க.”

ஓடைக்கு இப்பால் பள்ளிக்கு முன்னுள்ள திடலில், தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு அவர் தப்படித்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அழைக்கும் அடி வேறு, திருவிழா அடி வேறு, இது வேறு. மூடுபனிக்குள் அவ்வடி ஏறிப் போயிற்று. சற்று நேரத்தில் மேலேயிருந்து முதல் ஒப்பாரிக் குரல் கேட்டது. இறந்தவர் யாரென்று அறியாமலே பெண்கள் அழுதுகொண்டு இறங்கினார்கள். கொதித்த உலையை இறக்காமல் வந்தார்கள். காய்ச்சலில் கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சட்டி பானையைப் பற்றிப் பேசிய கருப்பம்மா வெறுங்கையோடு, கூந்தல் அவிழ, எல்லார்க்கும் முன்னே வந்தாள்.

“யாரு? யாரு போனது?”

ரெங்கசாமி அடியை நிறுத்தவில்லை. ஆட்கள் திடலில் நிறைந்த பின்னரே குச்சியைத் தாழ்த்தினார். நடந்ததை ஹாஷிம் சொன்னதும் கங்காணி பாய்ந்தார்.

“சாவுல வெளையாடுறியாடா? ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?”

ரெங்கசாமி அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தை முகம் முகமாகப் பார்த்தார்.

“சின்னராசா வரல.”

அவன் எப்படி வருவான்? தப்புக் கேட்டதும், கட்டளைப்படி, கதவை அடைத்துக்கொண்டிருப்பான். உள்ளே இராக்கம்மாவும் கைக்குழந்தையும் இருப்பார்கள். திடலில் நின்ற ஒவ்வொருவருக்கும் அது ஒரே நேரத்தில் விளங்கியது. பலர் தரையைப் பார்த்தனர்.

“விடு. சத்தங் கேட்டா தானா வருவான்” என்றார் கங்காணி.

ரெங்கசாமி தப்பைக் கழற்றி ஹாஷிமின் கையில் கொடுத்தார். “நனையாமப் பாத்துக்குங்க.”

“போகாதீங்க!” ஹாஷிம் அவர் தோளைப் பற்றினார். “ஒங்கட மகன நாசமாக்கின ஆள். அவர் ஒங்களுக்கு யாரு?”

“யாருமில்லீங்க” என்றார் ரெங்கசாமி. அது ஒரு காரணம் என்பதுபோலச் சொல்லிவிட்டு, மூடுபனிக்குள் ஏறினார்.

அங்கே நடந்ததைச் சின்னராசாதான் பின்னர் கூறினான். கதவு இடிபட்டது. “சாவுக்கு நாங்க வரக்கூடாதுல்ல, போ!” என்று அவன் உள்ளிருந்து கத்தினான். வெளியே மூச்சு வாங்கும் ஓசை கேட்டது. பிறகு அந்தக் குரல்: “என் சாவுடா. நானே கூப்புடுறேன், வா.”

அவன் கதவைத் திறந்தான். ரெங்கசாமி அவர்களை முன்னே தள்ளிவிட்டு, மூச்சிரைக்கப் பின்னால் வந்தார். குழந்தையோடு அவர்கள் ஓடையைக் கடந்தபோது காலடியில் நிலம் நடுங்கியது. திடலில் நின்ற எங்களுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. நெடுநேரம் மூச்சை அடக்கியிருந்த ஒன்று அதை வெளியே விட்டதுபோல் ஓர் ஓசை. மூடுபனி கலைந்த இடத்தில் மேட்டு லயம் இல்லை. ரெங்கசாமியும் இல்லை.

உடல் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள், அவருடைய கம்பளியை வைத்துச் சடங்கு செய்தார்கள். தப்படிக்க ஆள் இல்லை. சின்னராசா திடலின் ஓரம் வந்து நின்றபோது கங்காணி கையை உயர்த்தினார்.

“லயத்தார் போட்ட கட்டுமானம் கட்டுமானந்தான். சாவுக்கு நீ வரக்கூடாது. கதவ அடச்சிக்கிட்டு உள்ள இரு.”

உயிரோடு அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு வாய் இருந்ததே, அது எவரால்? கதவு எங்கே இருக்கிறது, எதை அடைப்பது என்று நான் கூச்சலிட்டேன். எவரும் என்னைப் பார்க்கவில்லை, கங்காணியையும் தடுக்கவில்லை. மலையோ இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. அன்று எனக்கு மண்ணைவிட அந்த அமைதிதான் அச்சமூட்டியது.

அழைத்தவரே இறந்தவர் என்று இராக்கம்மா மட்டும் சொன்னாள், உரக்கச் சொன்னாள். “எங்கள அவரு கூப்புட்டாரு. நீங்க யாரு வேணாம்னு சொல்ல?” சொல்லிவிட்டுக் குழந்தையோடு போய்க் கம்பளியின் அருகில் உட்கார்ந்தாள். கருப்பம்மா சற்று நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். அவ்வளவே நடந்தது. சின்னராசா கடைசிவரை ஓரத்திலேயே நின்றான்.

அடுத்த வாரம் ஹாஷிம் பதுளையிலிருந்து வந்தார். தூக்குச் சட்டி ஒன்றை என் மேசைமேல் வைத்தார். சாவுக்கு ஓடும் வழக்கம் ஒரு லயத்தையே காப்பாற்றியது, ஆகவே அதுவும் பிழைப்பதற்கான குணமே என்று அவர் வாதாடுவார் என எதிர்பார்த்து, விடையோடு காத்திருந்தேன். அவர் வாதாடவில்லை.

“கங்காணி எனக்கு வெளங்குது, மாஸ்டர். திடல்ல தலையக் குனிஞ்சிக்கிட்டு நிண்ட சனமும் வெளங்குது” என்றார். பிறகு தூக்குச் சட்டியை என் பக்கம் தள்ளினார்.

கங்காணியோ எனக்கு விளங்கவில்லை. மனிதனுக்குள் ஆன்மா உண்டென்று வாழ்நாளெல்லாம் கற்பித்தவன் நான். அத்திடலில் அது எத்தனையோ பேரிடம் உறங்கிக் கிடந்தது.

மூலையில், அடுப்பின் அருகே, ரெங்கசாமியின் தப்பு சாய்ந்திருந்தது. ஹாஷிம் எழுந்து போய் அதன் தோலைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்திருக்க வேண்டும். தீயின் பக்கம் திருப்பி வைத்தார். வெளியே மழை மீண்டும் தொடங்கிற்று. வட்டிலப்பச் சட்டியை நாங்கள் திறக்கவேயில்லை.