இரண்டாவது வாசல்

சுரங்கத்துக்கு முப்பது வயசாகிறதாம், சிறப்பு மலர் போடப் போகிறார்களாம். "வரலாறு நாலு பக்கம் எழுதிக் கொடும்மா" என்று மேலாளர் அவள் தலையில் கட்டிவிட்டார். அவள் வேலை சுரங்கத்துக்குப் படம் வரைவது. வரலாற்றுக்கு எங்கே போவாள்? பெரியப்பாவைக் கூட்டிவந்து தன் மேஜைக்கு எதிரே உட்கார வைத்தாள். ஆளரவம் இல்லாத இந்த மலையில் செம்பு தேடி முதலில் கூடாரம் அடித்த ஆறு பேரில் இன்றைக்கு மிச்சம் இருப்பது அவர் ஒருத்தர்தான்.

பெரியப்பாவிடம் ஒன்று கேட்டால் ஒன்பது வரும்.

"பாறையில பச்சையா ஒரு கறை, அதை நம்பித்தான் வந்தோம். பதினேழு இடத்துல துளை போட்டோம், ஒண்ணுலயும் ஒரு மண்ணும் இல்ல. சாமான் சுமந்த கழுதைங்களே எங்களைப் பார்த்துச் சிரிச்சுது. பதினெட்டாவதுல மாட்டுச்சு பாரு!"

"சரி சரி, சுரங்கத்துக்கு வாங்க."

மணி பதினொன்றே முக்கால். பன்னிரண்டு மணிக்குச் சுரங்கத்தில் அவள் தம்பி வெடி வைப்பான். பிறகு சாப்பிட வருவான். அதற்குள் இவரை முடித்து அனுப்ப வேண்டும்.

அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் அவள் வரைந்த படம். மலைக்கு அந்தப் பக்கம் பெரியப்பா காலத்துப் பழைய சுரங்கம். கைவிட்டு வருஷக்கணக்காகித் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து தம்பி குடைந்துகொண்டு வருவது புதுசு. நடுவில் இருபத்தைந்து மீட்டர் கெட்டிப் பாறை. பழைய அளவு நோட்டை வரி விடாமல் படித்துப் போட்ட கோடு. அவள் போட்டால் போட்டதுதான் என்று எல்லாரும் சொல்வார்கள். அதில் அம்மணிக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பழைய போட்டோ ஒன்றை நீட்டினாள். பெரியப்பா கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"அட, இது ரெண்டாவது வாசல்!"

"ரெண்டாவதா? வாசல் ஒண்ணுதானே?"

"மொத வாசல் மண்ணு சரிஞ்சு மூடிக்கிச்சே! இருபத்திரெண்டு மீட்டர் உள்ளே தள்ளிப் பக்கவாட்டுல வெட்டிப் புகுந்தோம். அப்புறம் நீளமெல்லாம் அங்கேருந்துதான் அளந்தோம்."

"நோட்டுல அப்படி எழுதலையே!"

"எல்லாருக்கும் தெரிஞ்சதை எவன் எழுதுவான்?" பெரியப்பா டீயை உறிஞ்சினார்.

அவள் திரும்பிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். ஐயோ, முதல் வாசலிலிருந்தல்லவா கோடு இழுத்திருக்கிறாள்! அப்படியானால் பழைய சுரங்கம் இன்னும் இருபத்திரண்டு மீட்டர் இந்தப் பக்கம் நீண்டிருக்கிறது. நடுவில் இருப்பது வெறும் மூன்று மீட்டர். அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி அளவு தண்ணீர்.

கீழே தம்பிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, மருந்து திணிச்சாச்சு, வெடிச்சுட்டு வந்து பேசறேன்."

"வெடிக்காதே! எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளியே ஓடி வா!"

"என்னாச்சு?"

"என் படம் தப்பு."

தம்பி சிரித்தான். "உன் படமா? தப்பா? போக்கா, ஆளைப் பார்த்து விளையாடு."

"தப்புடா! மூணு மீட்டர்தான் இருக்கு. நாந்தான்டா தப்பாப் போட்டேன். வாடா சாமி, வந்துடுடா!"

எதிர்முனையில் சிரிப்பு நின்றது. பிறகு போனும் நின்றது.

செருப்பைக்கூட மாட்டாமல் சுரங்க வாசலுக்கு ஓடினாள். ஒவ்வொருத்தராக வெளியே வந்தார்கள். பத்துப் பேர். கடைசியாகத் தம்பி. திரும்ப எண்ணினாள், பதினொன்று சரிதான். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

தம்பி தரையில் உட்கார்ந்தான். முழங்கால் வரை கால்சட்டை நனைந்திருந்தது.

"காலையிலேருந்தே துளையில தண்ணி கசிஞ்சுதுக்கா. இவங்க எல்லாரும் நிறுத்திடலாம்னு சொன்னாங்க."

"அப்புறம் ஏன்டா நிறுத்தல?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாந்தான் கேக்கல. எங்கக்கா போட்ட படம், கண்ணை மூடிக்கிட்டு வெடிக்கலாம்னு சொன்னேன்."

மற்ற பத்துப் பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.